கடலுக்குக் கொடுத்த விருது

"ஆந்தை என்ன சொல்லுது?"

குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை கேட்டுவிட்டாள். கையில் இஸ்திரிப் பெட்டி. மேசையில் வெள்ளை விரிப்பு ஒன்று பாதி மடிந்து கிடந்தது. பக்கத்துத் தெரு லாட்ஜிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை அவள்தான் தேய்த்துக் கொடுக்கிறாள். மழை பிடித்துக்கொண்டதிலிருந்து எதுவும் முழுதாகக் காய்வதில்லை. ஈரத்தின்மேல் பெட்டி நகரும்போதெல்லாம் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வெந்நீர் போட்ட குளியலறைக்குள் குடியிருப்பதுபோல் இருந்தது வீடு.

"திரும்பி வந்துடுச்சு அத்தை."

"மறுபடியுமா?"

"ம்."

"அது மனுஷ ஜென்மந்தானா மாப்பிள்ளை? ஒரு பொண்ணு உசிரக் குடுத்துச் செஞ்ச வேலை. அவ பேரப் போடுன்னா இத்தனை கேள்வியா? நான் பெத்தப்பகூட இவ்வளவு விசாரிக்கல."

உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிப் பேசும் குரல். "அதுக்கு மேல... ஒரு ஆபீசர்... இருப்பான்ல."

"நீங்க பேசாதீங்க. இன்னும் நாலு விரிப்புதான், முடிச்சுட்டு மெஷினப் போடுறேன்."

மெஷின் என்றால் ஆக்சிஜன் மெஷின். அதுவும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் வீட்டில் ஃப்யூஸ் போய்விடும். மாலையில் கொஞ்ச நேரம் குழாய் இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் அத்தையின் இஸ்திரி நேரம். மாமா காலமெல்லாம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பூட்டிய ஷெட்டுக்குள் நின்று அடிப்பார். ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் பளபளத்தன. நெஞ்சு மட்டும் போய்விட்டது. மூச்சு விடும்போது உள்ளே ஏதோ விசிலடிக்கும், அதற்கடியில் கரகரவென்று இன்னொன்று இழுபடும். தெருவில் அவருக்கு ஆர்மோனியம் என்று பெயர். அவர் முன்னாலேயே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஆந்தை என்பது ஓர் ஆள். எந்த ஊர், ஆணா பெண்ணா என்று தெரியாது. இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. உலகத்தில் வந்த படங்களையெல்லாம் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யார் நடித்தது, யார் எடுத்தது, எந்த விழாவில் யாருக்கு என்ன விருது என்று எல்லாம் இருக்கும். தப்பிருந்தால் யாரும் திருத்தம் அனுப்பலாம். அதைச் சரிபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, பிடித்துப்போய்ச் செய்கிறவர்கள். விருதுகள் பகுதியில் இவன் அனுப்புவதையெல்லாம் திருப்பி அனுப்புகிறவர் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு சாம்பல் நிற ஆந்தையின் படத்தை வைத்திருந்தார். அத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவர் ஆந்தைதான்.

அவன் மனைவி இறந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் மதியம் இல்லை. அவன் மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டான். யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டான். கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் அறுத்தான், திரும்பி வந்தான். அவன் அழவில்லை. சாவு வீட்டில் அதை நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அத்தை மட்டும், "அவருக்கு வரும்போது வரும், உங்களுக்கென்ன அவசரம்?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்தாள்.

அவன் மனைவி சினிமாப் படங்களுக்குச் சத்தம் செய்கிறவள். திரையில் ஒருத்தி படியேறினால், இருட்டு அறையில் இவள் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு பலகைமேல் நடப்பாள். மணல் தட்டு, சரளைக்கல் தட்டு, சட்டத்தோடு பெயர்த்து வந்த பழைய கதவுகள் எல்லாம் அந்த அறையில் இருந்தன. பழைய கேசட் நாடாவைக் காலால் மிதித்தால் புல்வெளி. தோல் கையுறையை உதறினால் புறா. கல்யாணமான புதிதில் அவன் அங்கே போய் ஒருநாள் உட்கார்ந்திருந்தான். ஒரு கூடைக் கந்தல் துணியை வைத்துக்கொண்டு அவள் ஒரு ஊரையே நடமாட விட்டதைப் பார்த்தான். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கடைசியாக வேலை செய்த படத்தில் ஒரு வயசாளி கடலோர வீட்டில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடல்மேல் போன மகன் வரவில்லை. அதனால் அவர் கடலைப் பார்ப்பதில்லை. படம் முழுக்க நாமும் பார்ப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் கதை. அதை எடுத்தது ஒரு டயர் குடோனுக்குள். அந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் பகல் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் கடல்.

வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு ஒருநாள் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். அவளோடு சேர்ந்து வீட்டில் நாலு பேரும் போனார்கள். விளக்கு அணைந்ததும் அந்தக் கடல் வந்தது. அது மற்றப் படங்களில் வரும் கடலாக இல்லை. உயிருள்ள ஒன்று சுவருக்கு வெளியே படுத்துக்கொண்டு உள்ளே பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் காலை மேலே தூக்கிவைத்துக்கொண்டார்.

அத்தை தூங்கிவிட்டாள்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, "எப்படிம்மா இருந்துச்சு கடல்?" என்று மகள் கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ தட்டிக் குடுத்த மாதிரி இருந்துச்சுடி, அப்படியே கண்ணு சொக்கிடுச்சு. இந்த மனுஷன் பக்கத்துல படுத்து நான் என்னைக்குத் தூங்கியிருக்கேன்? தியேட்டர்லயாவது தூங்கினேனே."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்பாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடி இப்ப?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்லப்பா. ஒருநாள் சொல்றேன்."

அந்த ஒருநாள் வரவில்லை.

அவள் போனபிறகு படம் எங்கோ ஒரு விழாவுக்குப் போனது. பரிசுகளெல்லாம் வேறு படங்களுக்குக் கிடைத்தன. கடைசியில் நடுவர் குழுத் தலைவி ஒலிபெருக்கி முன்னால் வந்தாராம். "ஒரு சிறப்புக் குறிப்பு. இது இந்தப் படத்தின் கடலுக்கு. இதை யார் கொண்டுவந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு காட்சியிலும் அது இல்லை. ஆனால் வெளியே வந்ததும் நாங்கள் எல்லாரும் செருப்பைத் தட்டிப் பார்த்தோம், மணல் இருக்கிறதா என்று." இவ்வளவுதான் அவர் பேசியது. விழாவின் இணையப் பக்கத்தில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. யார் பெயரும் அதில் இல்லை.

தளத்தில் சேர்த்தவர் யாரோ பாவம், பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல், ஒலிப்பிரிவில் முதலில் இருந்த பெயரை எடுத்துப் போட்டுவிட்டார். அது படப்பிடிப்பில் வசனம் பதிந்தவருடைய பெயர். கடல் என்றால் கடற்கரையில் பதிந்திருப்பார்கள், படப்பிடிப்பில் மைக் பிடித்தவர்தானே பதிந்திருப்பார் என்ற நினைப்பு. சத்தத்தைச் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அதைத் திருத்தத்தான் அவன் அனுப்பிக்கொண்டிருந்தான். முதல் தடவை, நான் அவள் கணவன், எனக்குத் தெரியும் என்று எழுதினான். உறவு ஆதாரமாகாது என்று ஆந்தை பதில் போட்டது. அடுத்து டைரக்டரிடம் ஒரு மெயில் வாங்கி அனுப்பினான். தனிப்பட்ட கடிதம் செல்லாது, ஆதாரம் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்றது. அந்த மெயிலிலும் விஷயம் இல்லை. "கடல் அவர் கொண்டுவந்ததுதான். எந்தக் கரை என்று கேட்டேன். பக்கத்துலதான் என்றார்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

இன்றைக்கு வந்த பதில் கொஞ்சம் நீளம். அவன் ஈரத்தலையோடு நின்றபடி படித்துக் காட்டினான்.

"இப்போதிருக்கும் பெயர் நான் போட்டதல்ல. எனக்கும் அதில் சந்தேகம் உண்டு. ஆனால் ஒரு சந்தேகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு சந்தேகத்தை வைக்க மாட்டேன். அந்தக் கடல் எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள். திருத்துகிறேன்."

"எங்கேருந்து வரும்? கடல் கடல்லேருந்துதான் வரும்," என்றாள் அத்தை.

உள்ளறையில் மூச்சு ஒருமுறை இழுபட்டு நின்றது. "அவ... கடலையே... பாத்ததில்லையே."

இஸ்திரிப் பெட்டி விரிப்பின்மேலேயே நின்றுவிட்டது. அத்தை சட்டென்று தூக்கினாள். லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது.

உண்மைதான். போகலாம் போகலாம் என்று அவனும் அவளும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போகவில்லை.

*

கண்ணாடிக் கடையின் பின்பக்கம் அவன் இடம். ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸை வெட்டி, ஓரத்தைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பான். சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் விளிம்பு சிதறும், அழுத்தாவிட்டால் உட்காராது. அவன் கையில் லென்ஸ் உடைந்ததில்லை. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்திலும் உடையவில்லை. முதலாளியம்மா அதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவனுக்கு அது பெருமையாகப் படவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், தளத்தில் பெயர் இருந்த அந்த மைக்காரருக்குப் போன் போட்டான். அவர் எடுத்த எடுப்பிலேயே, "இந்தப் போன் வரும்னு எனக்குத் தெரியும்ங்க" என்றார்.

"கடல் நீங்க பதிஞ்சதா?"

"நானா? நாங்க படம் எடுத்த எடத்துல குழாய்லயே தண்ணி வரல. கடலுக்கு நான் எங்க போக?"

"அப்ப அந்தப் பேரு?"

"பாத்தேன்ங்க. நான் போடச் சொல்லல. எடுக்கவும் சொல்லல. அதப் பாத்துட்டு ரெண்டு பேரு வேலைக்குக் கூப்பிட்டாங்க. கடல் படமாம். என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சுட்டாங்க. ஒத்துக்கிட்டேன். தூக்கம் வரல." பிறகு கேட்டார். "அவங்க ஹார்ட் டிஸ்க் இருக்குமே? அதுல இருக்கும்ங்க எல்லாம். எனக்குத் திறக்கத் தெரியும். நான் வரட்டுமா?"

ஹார்ட் டிஸ்க் அலமாரியில், அவள் துணிகளுக்கு நடுவில் இருந்தது. அத்தை துணிகளை மாதம் ஒருமுறை எடுத்து உதறி மடித்து வைப்பாள். அதை மட்டும் துடைத்து அப்படியே வைத்துவிடுவாள். அவன் அந்த அலமாரியைத் திறந்ததே இல்லை.

"வாங்க," என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை மைக்காரர் வந்தார். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். நனைந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நான்தாங்க அந்தத் திருடன்."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள வாங்க. டீ குடிங்க. திருடனுக்கும் தொண்டை காயும்ல."

டீயும் ரொட்டியும் ஆனது. மாமாவைச் சாய்வு நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மெஷினை நிறுத்தியதும் வீட்டில் அதன் ரீங்காரம் அடங்கி, மழைச்சத்தம் ஓரடி உள்ளே வந்தது. அன்று அத்தை இஸ்திரி போடவில்லை. அவன் அலமாரியைத் திறந்தான். அவள் துணிகளின் வாசனை வந்தது. கையை நீட்டி எடுத்தான், மூடினான். அவ்வளவுதான். தனக்கு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

மைக்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். கொண்டுவந்த ஸ்பீக்கர்களைச் சுவரோரம் இரண்டு பக்கமும் வைத்தார். திரை முழுக்கக் கோடு கோடாகப் பட்டைகள், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அவர் உருட்ட உருட்ட முடியவில்லை.

"ஆத்தாடி," என்றார் மெதுவாக. "இத்தனை அடுக்கா? ஒரு மனுஷி செஞ்சதா இது?"

"போடுங்க," என்றான் அவன்.

கடல் வந்தது.

அந்தச் சின்ன அறைக்குள், மடித்த விரிப்புகளுக்கும் மருந்துப் பாட்டில்களுக்கும் நடுவில் கடல் வந்து நின்றது. எழுந்தது, தயங்கியது, சரிந்தது, கற்களை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. டீ டம்ளர் தட்டில் மெல்ல அதிர்ந்தது.

"இப்ப ஒவ்வொண்ணா நிறுத்துறேன். அடியில என்ன இருக்குன்னு பாப்போம்," என்றார் மைக்காரர்.

ஒரு பட்டையை அணைத்தார். தூரத்து இரைச்சல் போயிற்று. இன்னும் சிலதை அணைத்தார். நுரை போயிற்று. கற்கள் உருள்வது நின்றது. கடல் மெலிந்துகொண்டே வந்தது. வளைகுடா அளவாகி, ஏரி அளவாகி, கடைசியில் ஒரேயொரு அலை மட்டும் வந்து வந்து போனது. அது மிக மெதுவாக வந்தது.

"இத மெதுவாக்கி வச்சிருக்காங்க. நிஜ வேகத்துல போடுறேன்."

பொத்தானைத் தட்டினார்.

விசில். அதற்கடியில் கரகரவென்று இழுபடும் இன்னொன்று.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்தும் அதே சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு மூச்சு, நாற்காலியில் ஒரு மூச்சு. மைக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். கை பொத்தானை விட்டு எழவில்லை.

"இது... நான்தானே?" என்றார் மாமா.

மைக்காரர் பட்டையின் ஆரம்பத்துக்குப் போனார். வெட்டாத முழுப் பதிவு. முதலில் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு தூரத்திலிருந்து அத்தையின் குரல், "கேஸ் தீந்துபோச்சு, யாருக்காவது காதுல விழுதா?" அதற்கு மேல், மிகப் பக்கத்தில், இவர்கள் தோளுக்கே வந்து பேசுவதுபோல் அவள் குரல்.

"அப்பா, இழுங்க. நல்லா இழுங்க. புடிச்சுக்கோங்க. ம், இப்ப விடுங்க."

"எவ்வளவு நேரம்டி?"

"அலை வர்ற வரைக்கும்."

"என்ன அலை?"

"ஒண்ணுமில்ல. இழுங்கப்பா."

அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் பெயிண்ட் உரிந்த ஒரு இடம் இருந்தது. அதையே பார்த்தான்.

மாமா பேசினார். "டாக்டருக்குன்னு... சொன்னா. நெஞ்சுகிட்ட மைக்க வச்சு... காலைல, சாயங்காலம்... நான் படியேறி வந்தா... அதுக்கப்புறம். நானும்... டாக்டருக்குத்தான்னு... இழுத்து இழுத்து... விட்டேன்."

"நான் டாக்டர்கிட்ட கேட்டனே," என்றாள் அத்தை. "எங்க பொண்ணு அனுப்புன சத்தத்தக் கேட்டீங்களா டாக்டர், எப்படி இருக்குன்னு. அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாரு."

மைக்காரர்தான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டுப் பயந்து நிறுத்தினார். ஆனால் மாமாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன, நெஞ்சு கீச்சுக்கீச்சென்று ஊதியது. அத்தைக்கு அப்போதுதான் மற்றது உறைத்தது.

"அப்ப தியேட்டர்ல என்னைத் தூங்க வச்சது இந்த மனுஷனா?"

அவள் கணவரை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ வருஷமாகப் பக்கத்தில் படுத்து, காதைப் பொத்திப் பொத்திக் கேட்ட சத்தம். அதற்காக எத்தனை தடவை பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போயிருக்கிறாள். அதே சத்தத்துக்கு முகம் தெரியாத ஊரில் நடுவர்கள் செருப்பைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"இத்தனை நாளா கடலுக்குப் பக்கத்துலயா படுத்திருந்தேன்?" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை.

*

மைக்காரர் போகும்போது சொன்னார்: "இத அப்படியே எல்லாரும் கேக்குற மாதிரி நெட்டுல ஏத்திடுங்க. முழுப் பதிவு, மெதுவாக்குனது, அடுக்குனது. கீழ நான் என் பேரோட எழுதுறேன், இது என் வேலை இல்ல, அவங்க வேலைன்னு. கூப்பிட்டவங்ககிட்டயும் சொல்லிடுறேன்."

"அவ குரல வெட்டிட்டு ஏத்தலாமா?" என்றான் அவன்.

அவர் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினார். "வெட்டிட்டா யாரோ ஒருத்தர் மூச்சு வாங்குறதுதாங்க மிஞ்சும். அவங்கதான் செஞ்சாங்கன்னு அந்தக் குரல்தானே சொல்லுது."

அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஏற்றவில்லை. அவளுடைய போட்டோக்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. இந்தக் குரல் இந்த அறையில் மட்டும்தான் இருந்தது. அதை வெளியே விட்டால் முன்பின் தெரியாதவர்கள் போட்டுக் கேட்பார்கள், நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கப் போவார்கள், ஏதாவது எழுதுவார்கள். எடுத்துக் கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

ஆந்தையின்மேல் இருந்த கோபத்தில், அது வேறு என்னதான் செய்திருக்கிறது பார்ப்போம் என்று அதன் பக்கத்தைத் திறந்தான். அது இதுவரை செய்த திருத்தங்களெல்லாம் அங்கே இருந்தன. பேசாத படக் காலத்தில் திரைச்சீலை வரைந்த ஒருத்திக்கு வந்த பதக்கம், அவள் புருஷன் பெயரிலிருந்து அவள் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. போர் வந்து நின்றுபோன ஒரு விழாவில் அறிவித்தும் கொடுக்காமல் போன ஒரு பரிசு, அறிவித்தது அறிவித்ததுதான் என்று சேர்க்கப்பட்டிருந்தது. கேட்பதற்கு ஒரு பேரப்பிள்ளைகூட மிச்சமில்லாதவர்கள். அவன் உருட்டிக்கொண்டே போனான். மைக்காரருக்கு அந்தப் பட்டைகள் தீராததுபோல் இவனுக்கு இதுவும் தீரவில்லை. எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, செத்துப்போனவர்களுக்குச் சேர வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவனுடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் மாலை மெஷின் நின்ற நேரத்தில் மாமா அவனைக் கூப்பிட்டார். அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"ஏத்தலையா... மாப்ள?"

"இல்ல மாமா."

"அவ குரலுக்காகவா?"

அவன் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினான்.

மாமா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "என் மூச்ச... அவ எடுத்துட்டுப் போயி... ஊருக்கெல்லாம் குடுத்தா. என்னை ஒரு வார்த்தை... கேட்டாளா?"

"இல்ல."

"நான்... கோவிச்சுக்கிட்டனா?"

"இல்ல மாமா."

"எடுத்ததால... எனக்குக் கொறஞ்சுதா? முன்ன... இது சீக்கு. இப்ப... கடல்." அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பெயிண்ட் கறை போகாத நகங்கள். "கேக்கட்டும் மாப்ள. நல்லா இருக்கா... அவ குரலு."

அடுத்த அறையில் உஸ்ஸென்று ஆவி கிளம்புவது நின்றிருந்தது. அத்தை பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

அன்றே ஏற்றினான்.

*

மழை விட்டது. மாடிக்கொடியில் விரிப்புகள் படபடத்தன. அத்தை தினமும் கேட்டாள், ஆந்தை என்ன சொல்லுது என்று. ஒன்றும் சொல்லவில்லை என்று அவனும் தினமும் சொன்னான். "அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குமில்ல, ஆறப்போட்டுச் செய்யும்," என்றாள் ஒருநாள். ஆந்தைக்காக அவள் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

பதில் வந்தபோது அவன் கடையில் இருந்தான். ஒரு லென்ஸை முடித்து, அடுத்ததைச் சக்கரத்தில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தான்.

"கேட்டேன். கடலிலிருந்து மூச்சு வரைக்கும் ஒருமுறை, மூச்சிலிருந்து கடல் வரைக்கும் ஒருமுறை. பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து நின்றேன். எங்கள் ஊரிலும் கடல் இல்லை. இத்தனை காலமும் நாள் கடத்தியதற்கு மன்னிக்க வேண்டும். விருது வரியைத் திருத்திவிட்டேன். மூச்சு கொடுத்தவரையும் படத்தின் ஒலிப்பிரிவில் சேர்க்கிறேன். அதற்கு இருவருடைய பிறந்த, மறைந்த வருடங்களும் வேண்டும். அவர் இருக்கிறாரா? அந்தக் குரலுக்குரியவர் இருக்கிறாரா?"

கீழே கட்டங்கள் இருந்தன. மாமாவுக்குப் பிறந்த வருடத்தைப் போட்டான். அவளுக்கும் போட்டான். அவளுக்கு அடுத்த கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது.

அந்த வருடத்தை அவன் எங்கும் எழுதியதில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ எழுதினார்கள், கல்லறையில் யாரோ வெட்டினார்கள். அவன் எங்கே காட்டினார்களோ அங்கே கையெழுத்து மட்டும் போட்டான். இப்போது ஒரு கையால் லென்ஸைப் பிடித்தபடி, மறு கையால் போனில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினான். கடைசி எண்ணைத் தட்டியதும் சக்கரத்தில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. விளிம்பு சிதறிவிட்டது. முதலாளியம்மா முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன என்று கேட்க வந்தவர் கேட்கவில்லை. வந்து தண்ணீரை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

*

வீட்டுக்கு வரும்போது அவன் கண்கள் வீங்கியிருந்தன. அத்தை பார்த்தாள். ஆந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். துண்டைக் கொடுத்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாமாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"படிங்க மாப்பிள்ளை."

அவன் பக்கத்தைத் திறந்து படித்தான். விழாவின் பெயரைப் படித்தான். சிறப்புக் குறிப்பு, கடலுக்கு. பெற்றவர் என்ற இடத்தில் இருந்த அவள் பெயரைப் படித்தான். முழுப்பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு.

"இன்னொரு தடவை," என்றாள் அத்தை.

இன்னொரு தடவை படித்தான்.

"அந்த மைக்காரப் புள்ள பேரு?"

"அவர் வசனம் பதிஞ்சதுக்கு இருக்கு அத்தை. இதுல இல்ல."

"சரி. அது அவரோடது. இருக்கட்டும்."

"மாமாவுக்கும் இருக்கு," என்று அவன் பக்கத்தைக் கீழே உருட்டினான். "ஒலிப்பிரிவு. கடல், மூச்சு. மாமா பேரு."

மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "பேருக்குப் பக்கத்துல... வேற என்ன... போட்டிருக்கு?"

"வருஷம் மாமா. அவளுக்கு ரெண்டு வருஷம் இருக்கு, நடுவுல ஒரு கோடு." அவன் குரல் அங்கே கொஞ்சம் தடுக்கியது. அவன் நிறுத்தவில்லை. "உங்களுக்குப் பொறந்த வருஷம், அப்புறம் கோடு."

"கோட்டுக்கு... அந்தப் பக்கம்?"

"காலியா இருக்கு."

மாமா அதை யோசித்தார். நெஞ்சு எழுந்தது, தயங்கியது, கற்களை இழுத்துக்கொண்டு சரிந்தது. அத்தை மெஷினின் சுவிட்சுக்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்துக்கொண்டு, அது இறங்கி முடிக்கும்வரை கேட்டாள்.

"கெடக்கட்டும்," என்றார் மாமா. "என்ன அவசரம்."